கண்ணாடி முகப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்

சொந்தமாக ஒரு மேசைக் கணினி பொருத்த நினைக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சிலராவது என்னிடம் பட்டியலோடு வருவார்கள். எந்தச் செயலி, எந்த கிராஃபிக்ஸ் கார்டு, நினைவகம் எத்தனை ஜிபி என்று ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருக்கும். எந்த கார்டு எந்த விளையாட்டில் எத்தனை ஃபிரேம் தரும் என்பதைத் தனிம அட்டவணையைவிட நன்றாக மனனம் செய்திருப்பார்கள். பட்டியலின் கடைசி வரியில் மட்டும் ஆராய்ச்சி நின்றுவிடும். இந்த கேசிங் எதற்கு என்று கேட்டால், "அழகா இருக்கு சார்" என்பதுதான் பதில். கைப்பேசியில் படத்தையும் காட்டுவார்கள். முன்பக்கம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று விசிறிகள் வானவில் நிறத்தில் சுழலும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு, நம் ஊர் வெயிலில், முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்த கேசிங் வாங்குவது வீண் செலவு. விலை குறைந்த, பார்ப்பதற்குச் சுமாரான, முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் கேசிங்கே மேல். இதை நிரூபிக்க விளம்பரமும் வேண்டாம், யூடியூப் நிபுணரும் வேண்டாம். ஓர் அடிக்கோலும் நான்காம் படிவ இயற்பியலும் போதும்.

ஒரு தகரப் பெட்டிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். ஒரு கணினிக்காக மூவாயிரம், நான்காயிரம் வெள்ளி செலவழிக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்பா தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து சேர்த்த பணம் அது. சில வீடுகளில் அக்காவின் முதல் சில மாதச் சம்பளம். அந்தக் கணினி எஸ்.பி.எம். தேர்வைக் கடந்து, கல்லூரிப் படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டும். அது பிற்பகல் இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வேகத்தைக் குறைத்துக்கொண்டால், கொடுத்த காசுக்குரிய வேலையை அது செய்யவில்லை என்றுதான் பொருள். ஆயிரம் வெள்ளிக்கு வாங்கிய கார்டை இருநூறு வெள்ளிப் பெட்டி கெடுத்துவிடுகிறது.

கணினி இழுக்கும் மின்சாரம் கடைசியில் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சலவை இயந்திரம் துணியைச் சுழற்றுகிறது, மின்விளக்கு ஒளி தருகிறது. கணினி எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. அது இழுக்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. 250 வாட் இழுக்கும் கணினி, உங்கள் அறைக்குள் 250 வாட் அடுப்பு ஒன்றை எரிய விடுவதற்குச் சமம். இது பெரிய கணினியும் அல்ல. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். ரைசன் 5 5600 செயலியின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். தாய்ப்பலகை, நினைவகம், எஸ்எஸ்டி, விசிறிகள், மின்வழங்கியில் ஏற்படும் இழப்பு என எல்லாவற்றையும் சேர்த்து, விளையாடும் நேரத்தில் 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு தனியாகவே 450 வாட் இழுக்கக்கூடியது. அதை வாங்கும் நிலையில் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்கத் தேவையில்லை.

250 வாட் என்றால் ஒவ்வொரு விநாடியும் 250 ஜூல் வெப்பம். அதைப் பெட்டிக்கு வெளியே சுமந்து செல்லக்கூடியது காற்று மட்டும்தான். எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு உங்கள் பாடப் புத்தகத்திலேயே சூத்திரம் இருக்கிறது. வெப்பம் என்பது நிறை, தன்வெப்பக் கொள்ளளவு, வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கல். மலாயில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று படிக்கிறீர்களே, அதுதான் நடுவில் உள்ளது. காற்றுக்கு அதன் மதிப்பு, ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடேற்ற ஏறக்குறைய 1,000 ஜூல். உள்ளே நுழையும் காற்று வெளியேறும்போது 10 பாகை செல்சியஸ் மட்டுமே சூடேறியிருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைப்போம். 250-ஐ 10,000-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.025 கிலோகிராம் காற்று. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.16 கிலோகிராம். ஆக, விநாடிக்கு 21 லிட்டருக்கும் சற்று அதிகமான காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும்.

நடுத்தர அளவு கேசிங்கின் கொள்ளளவு 45 லிட்டரை ஒட்டி இருக்கும். அப்படியானால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை பெட்டிக்குள் உள்ள காற்று முழுவதும் புதிதாக மாற வேண்டும். இந்தக் கணக்கை நான் வகுப்பில் போட்டுக் காட்டும்போது மாணவர்கள் நம்புவதில்லை. மறுபடியும் போடச் சொல்வார்கள். மறுபடி போட்டாலும் அதே விடைதான்.

இப்போது சூத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். காற்றோட்டம் பாதியாகக் குறைந்தால் 10 பாகை 20 பாகையாகும். வெப்பத்தின் அளவு மாறவில்லை, சுமக்கும் காற்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு தன் விசிறிகளுக்கு வேண்டிய காற்றைப் பெட்டிக்குள்ளிருந்துதான் எடுக்கிறது. அந்தக் காற்று எத்தனை பாகை கூடுகிறதோ, கார்டின் சில்லும் ஏறக்குறைய அத்தனை பாகை கூடும்.

குளிர்நாடுகளிலிருந்து வரும் கேசிங் விமர்சனங்களைப் பார்க்கும்போது நாம் கவனமாக இருக்க வேண்டியதும் இதனால்தான். அங்கே சோதனை நடக்கும் அறை 20, 21 பாகையில் இருக்கும். குளிரூட்டி இல்லாத நம் வீட்டு அறை, பங்குனி சித்திரை மாதப் பிற்பகலில் 32 பாகையைத் தொடும். விமர்சனத்தில் வரும் எண் அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை பாகை என்று இருந்தால், உங்கள் அறையின் வெப்பநிலையை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 'அங்கே 70 பாகைதான் காட்டியது' என்று சொல்லும் கேசிங் இங்கே 80-ஐத் தாண்டும். பல கிராஃபிக்ஸ் கார்டுகள் அந்த 80-களில்தான் தம் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன. செயலிகளுக்கு வரம்பு இன்னும் மேலே. ரைசன் 7000 வரிசைக்கு 95 பாகை, இன்டெல்லின் 12 முதல் 14-ஆம் தலைமுறைச் செயலிகள் பலவற்றுக்கு 100 பாகை. வரம்பைத் தொட்டால் கணினி எரிந்துவிடாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக ஓடும். நீங்கள் 'லேக்' என்று சொல்லித் திட்டுவது சில சமயம் இணையத்தை அல்ல, இதைத்தான்.

விசிறி நிறைய இருக்கிறதே, குளிராதா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் நமக்குக் குளிர்கிறது. அதற்குப் பெரிய காரணம் தோலில் உள்ள வியர்வை ஆவியாவதுதான். கணினிக்கு வியர்க்காது. 32 பாகைக் காற்றை எத்தனை விசிறி வைத்து அடித்தாலும் அதை 32-க்குக் கீழே கொண்டுவர முடியாது. அதனால்தான் வெப்பமண்டலத்தில் வாழும் நாம், உள்ளே கூடும் ஒவ்வொரு பாகைக்கும் குளிர்நாட்டுக்காரரைவிட அதிகமாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, அடிக்கோலை எடுப்போம். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் வட்டப் பரப்பு ஏறக்குறைய 113 சதுர சென்டிமீட்டர். நடுவில் உள்ள மோட்டார் மறைக்கும் பகுதியைக் கழித்தால் 100. முன்பக்கத்தில் மூன்று விசிறிகள் என்றால் 300 சதுர சென்டிமீட்டர் பரப்பு காற்றை இழுக்கக் காத்திருக்கிறது. அதன் முன்னால் கண்ணாடி. காற்று எங்கிருந்து வரும்? கண்ணாடியின் இரு ஓரங்களிலும் உள்ள இடுக்கிலிருந்து. கடையில் பார்க்கும்போது அந்த இடுக்கை அளந்து பாருங்கள். உயரம் 40 சென்டிமீட்டர், அகலம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 32, இரண்டு பக்கமும் சேர்த்து 64 சதுர சென்டிமீட்டர். முந்நூறு கேட்கும் இடத்தில் அறுபத்து நான்கு.

ஐந்தில் ஒரு பங்கு வழி வழியாக அதே அளவு காற்று போக வேண்டுமென்றால், அது ஐந்து மடங்கு வேகத்தில் போக வேண்டும். இப்படிப்பட்ட இடுக்குகளில் அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். ஐந்து மடங்கு வேகத்துக்கு இருபத்தைந்து மடங்கு இழப்பு. போதாததற்கு, பக்கவாட்டில் நுழையும் காற்று செங்கோணத்தில் திரும்ப வேண்டும். அந்த இழுவைக்கு மூன்று சிறு விசிறிகளால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே காற்றோட்டம் குறையும். பூங்குஸ் கட்டிய தே ஐஸைப் பெரிய ஸ்ட்ராவில் குடிப்பதற்கும், பெட்டிப் பாலோடு வரும் மெல்லிய ஸ்ட்ராவில் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கன்னத்துக்குத் தெரியும்.

வலை முகப்பையும் அதே அடிக்கோலால் அளக்கலாம். 42 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் 840 சதுர சென்டிமீட்டர். அதில் பாதி துளை, பாதி கம்பி என்று கொண்டாலும் 420 கிடைக்கிறது. விசிறிகள் கேட்பதைவிட அதிகம்.

நான் கற்பனை எண்களை வைத்து விளையாடுவதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்களே இந்தச் சோதனையை நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். கோர்செயர் நிறுவனம் 2020-இல் ஒரே உடலுக்கு மூன்று முகப்பு போட்டு விற்றது. 4000டி-க்கு மூடிய இரும்புத் தகடு, 4000எக்ஸ்-க்குக் கண்ணாடி, 4000டி ஏர்ஃபுளோவுக்குத் துளையிட்ட தகடு. தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? முகப்பு மட்டும் மாறுகிறது. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றே. எதன் பெயரில் 'காற்றோட்டம்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2019-இல் எச்510 என்ற கேசிங்கை மூடிய முகப்போடு வெளியிட்டது. அது மிகவும் அழகானது, நிறையப் பேர் வாங்கினார்கள். 2021-இல் அதே பெட்டிக்குத் துளையிட்ட முகப்பு போட்டு, எச்510 ஃபுளோ என்று பெயர் வைத்து மறுபடியும் விற்றார்கள். முதல் முகப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனத்தை யார் எழுத முடியும்?

பெட்டிக்குள் காற்று எப்படிப் போக வேண்டும் என்ற சண்டை புதியது அல்ல. இன்று நாம் வாங்கும் பெரும்பாலான கேசிங்குகள் 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைப் பின்பற்றுபவை. அக்காலத்தில் கிராஃபிக்ஸ் கார்டில் பெரும்பாலும் விசிறியே கிடையாது. பிறகு பென்டியம் 4 செயலிகள் 100 வாட்டைத் தாண்டிச் சூடேறியபோது, இன்டெல் 2004-இல் பிடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன்னால் நுழையும் காற்று நேர்கோட்டில் முதலில் செயலியைத் தொட்டு, பின்னால் வெளியேறும். நல்ல யோசனை. ஆனால் 2006-இல் குறைவாகச் சூடாகும் கோர் 2 செயலிகள் வந்தன. அதே ஆண்டில் இன்டெல் பிடிஎக்ஸைக் கைவிட்டது. வெப்பத்தின் தொல்லை தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, அந்த இடத்தைக் கிராஃபிக்ஸ் கார்டு பிடித்துக்கொண்டது. இதற்கிடையில் டிவிடி செருகும் இடமும் கேசிங்குகளிலிருந்து மறைந்தது. முன்பக்கம் முழுவதும் காலியானது. காற்றுக்குத் திறந்துவிட அருமையான வாய்ப்பு. அங்கே போய்க் கண்ணாடியை மாட்டினார்கள்.

சூடான காற்று மேலே போகும், அதனால் மேல்பக்கம் திறந்திருந்தால் போதும் என்று சிலர் வாதிடுவார்கள். கடைக்காரர்கள்கூட இப்படிச் சொல்வது உண்டு. அறிவியல் உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் உள்ளே 15 பாகை கூடுதல் சூடு இருந்தால், சூடான காற்று மேலெழுவதால் உண்டாகும் அழுத்தம் ஏறக்குறைய கால் பாஸ்கல். சாதாரண 120 மில்லிமீட்டர் விசிறி 10 முதல் 20 பாஸ்கல் வரை தர முடியும். குறைந்தது நாற்பது மடங்கு. விசிறி ஓடும் பெட்டிக்குள் சூடான காற்று தன் விருப்பப்படி மேலே போவதில்லை. விசிறி தள்ளும் பக்கம்தான் போகும். ஆகவே முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும் ஒரு பாதையை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, நம் 250 வாட் கணினிக்கு இதுவே போதும். மேல்பக்கத்தின் முன்மூலையில் வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்தினால், அப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த காற்றை வேலை செய்யும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

உள்ளே இழுக்கும் விசிறிகள் ஒன்று கூடுதலாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. பெட்டிக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்கும். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசு முன்பக்க வடிகட்டி வழியாக மட்டுமே வர முடியும். புகைமூட்ட மாதங்களையும், சாலையோர வீட்டின் தூசையும், சாமி மேடைச் சாம்பிராணியையும் ஒருசேரப் பார்க்கும் நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. வடிகட்டி புகையைத் தடுக்காது, பஞ்சு போன்ற தூசைத் தடுக்கும். கழற்றிக் கழுவ முடியாத வடிகட்டி உள்ள கேசிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மாதம் கழுவாத வடிகட்டி, காற்றைப் பொறுத்தவரை இன்னொரு கண்ணாடிதான்.

'மெஷ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில கேசிங்குகளில் வெளியே அழகான வலை இருக்கும், அதற்குப் பின்னாலேயே பிளாஸ்டிக் தகடு இருக்கும். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கோ சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேருக்கோ போகும்போது, கைப்பேசி விளக்கை முகப்பில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் உள்ளே போய் விசிறி இறக்கை தெரிந்தால் காற்றும் போகும். இணையத்தில் வாங்குவதானால், முன்பக்கப் படத்தோடு நிறுத்தாமல் பக்கவாட்டுப் படத்தையும் பெரிதாக்கி, காற்று நுழையும் வழியைத் தேடுங்கள். எங்கே என்று தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அப்படி ஒன்று இல்லை.

எல்லாக் கண்ணாடியும் ஒன்று என்றும் சொல்லமாட்டேன். மீன்தொட்டி போல முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி வைத்த கேசிங்குகள் இப்போது பிரபலம். 2018-இல் வந்த லியான் லி ஓ11 டைனமிக் அந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதில் காற்று முன்பக்கத்திலிருந்து வருவதில்லை. கீழேயிருந்தும், மறுபக்கச் சுவரிலிருந்தும் தாராளமாக வருவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சரியாக விசிறி பொருத்தினால் அவை நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் பணத்தில் இருக்கிறது. அந்த ஓ11 டைனமிக் பெட்டியோடு விசிறி எதுவும் வரவில்லை. ஆறு, ஏழு விசிறிகளைத் தனியே வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு எஸ்எஸ்டியை இரட்டிப்பாக்கலாம். முடிவு உங்களுடையது, நானாக இருந்தால் எஸ்எஸ்டியைத்தான் எடுப்பேன்.

ஏற்கெனவே கண்ணாடி முகப்பு வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவர் ஒருவர், இரவில் நன்றாக ஓடும் கணினி பிற்பகலில் மட்டும் தடுமாறுகிறது என்று சொன்னார். கார்டு பழுது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். புதிய கார்டுக்குப் பணம் கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார் என்றேன். அறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே விளையாட்டை, ஒரே காட்சியில், இருபது நிமிடம் ஓடவிட்டு, வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளில் கார்டின் எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு மறுபடியும் அதே இருபது நிமிடம். அவர் வரைபடமே போட்டுக் கொண்டுவந்தார். அறை 31 பாகை. கண்ணாடியோடு 84, கண்ணாடி இல்லாமல் 75. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், காசு செலவில்லாமல், ஒன்பது பாகை.

கார்டு பழுதில்லை என்பது தெரிந்துவிட்டது. அவர் அதோடு நிற்கவில்லை. ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, சிறு காந்தங்கள் வைத்து, கண்ணாடி இருந்த இடத்தில் மாட்டிவிட்டார். எண் 77-இல் நின்றது. கொசுவலையும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். ஆனால் தூசு வராது. அவர் தங்கை அதற்குக் 'கோழிக்கூண்டு' என்று பெயர் வைத்திருக்கிறாராம். நீங்களும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். முகப்பைக் கழற்றினால் ஓரிரண்டு பாகைதான் குறைகிறது என்றால் உங்கள் கேசிங் பரவாயில்லை, அதை விட்டுவிடுங்கள். ஐந்துக்கு மேல் குறைந்தால் முகப்புதான் குற்றவாளி.

பக்கக் கதவையே கழற்றிவிட்டு, நிற்கும் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைக்கும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அது வேலை செய்யும், முதலுதவி போல. நிரந்தரமாக வேண்டாம். சுவர்ப் பல்லிக்கு வெதுவெதுப்பான இடம் ரொம்பப் பிடிக்கும், எறும்புக்கும்தான். மின்வழங்கிக்குள் பல்லி புகுந்தால் பல்லிக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

கேசிங்கை எங்கே வைக்கிறோம் என்பதையும் பாருங்கள். கணினி மேசையின் அடியில் மூன்று பக்கம் அடைத்த ஓர் அறை இருக்கும், அதற்குள் தள்ளி வைப்பார்கள். பின்னால் வெளியேறிய சூடான காற்று சுற்றிக்கொண்டு மறுபடி முன்னாலேயே நுழையும். எவ்வளவு நல்ல வலை முகப்பு இருந்தாலும் அது இழுப்பது தான் விட்ட மூச்சைத்தான். பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள்.

வலை முகப்பில் சத்தம் அதிகம் வெளியே கேட்கும் என்று ஓர் எதிர்வாதம் உண்டு. முகப்பு திறந்திருந்தால் ஒலிக்கும் வழி கிடைக்கும், உண்மை. ஆனால் காற்று தாராளமாக வந்தால் விசிறிகள் மெதுவாகச் சுழன்றாலே போதும். மெதுவாகச் சுழலும் விசிறியின் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். மூடிய பெட்டிக்குள் முழு வேகத்தில் கத்தும் விசிறியைவிட, திறந்த பெட்டியில் நிதானமாக ஓடும் விசிறியே பெரும்பாலும் அமைதியானது. உள்ளே குறையும் பாகை வேறு வகையிலும் பயன் தரும். மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் உள்ள சிறு உருளை போன்ற மின்தேக்கிகளுக்கு, 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு.

இவ்வளவும் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்குத்தான். பாட வேலை, காணொளி, கொஞ்சம் நிரல் எழுதுதல் ஆகியவற்றுக்காக 65 வாட் செயலி மட்டும் வைத்த கணினியோ, அலுவலகத்திலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் பெட்டியோ வாங்குகிறீர்கள் என்றால் மேலே உள்ள கணக்கில் 250-க்குப் பதிலாக 80 போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 7 லிட்டர் காற்று போதும். எந்த கேசிங்கும் அதைத் தந்துவிடும். அந்த வகைக் கணினிக்குக் காற்றோட்டம் என்று சொல்லி யாராவது விலை கூடிய கேசிங்கைத் தலையில் கட்டினால் அதையும் வாங்காதீர்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்தப் பக்கம் வழியாகக் காற்று வரவேண்டிய தேவை பெரும்பாலான கேசிங்குகளில் கிடையாது. உள்ளே நீங்களே பொருத்தியதைப் பார்த்து ரசிக்க வேண்டும், நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. விளக்கும் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண எல்இடி பட்டை ஒன்று சில வாட் மட்டுமே இழுக்கும்.